நான்கு ஸ்க்ரூ, ஒரு வருடம்: முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு முன்னும் பின்னும்

கரும்பலகைக்கு முன்னால் 27 வருடம் நின்றவள் நான். 52 வயதில் நிற்க முடியாமல் போனது. பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் இரண்டு கெண்டைக்காலும் கல்லாய்க் கனக்கும். எங்காவது திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் விட்டுப்போகும். வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் மிதித்தால் ஒன்றும் செய்யாது, நடந்தால்தான் வினை. டீச்சர் நடிக்கிறார் என்று சிலர் நினைத்திருக்கவும் கூடும். இடுப்பின் நான்காம் முள்ளெலும்பு ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக வழுக்கி, நரம்பு போகும் பாதையை நெரித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. எல்-4, எல்-5 என்று ஸ்கேனில் எழுதுவார்களே, அந்த இரண்டையும் இணைத்து இப்போது ஆறு வருடம் ஆகிறது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளியைத் தாங்க ஒரு சின்னக் கூண்டு.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், பழைய மாணவர்களின் அம்மாக்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தவணை தவணையாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கொஞ்சம் அடிபட்டுத் தெரிந்துகொண்ட நோயாளி, அவ்வளவே.

முதல் படி: என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

‘ஸ்க்ரூ போட்டு பிளேட் வைக்கிறது’ என்றுதான் ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் இருக்கிறது. ஸ்க்ரூவும் கம்பியும், தளம் போடும்போது கீழே கொடுக்கிற முட்டு மாதிரி. சிமென்ட் இறுகும்வரைதான் முட்டுக்கு வேலை. இங்கே சிமென்டின் இடத்தில் இருப்பது உங்கள் சொந்த எலும்பு. நரம்பின் மேல் உள்ள அழுத்தத்தை எடுக்க அறுத்த எலும்பையே பொடித்துண்டுகளாக்கி, இரண்டு முள்ளெலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கை எடுத்த இடத்தில் இட்டு நிரப்புகிறார்கள். போதாவிட்டால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். அந்தத் துண்டுகள் பிணைந்து, இரண்டு முள்ளெலும்பும் ஒரே எலும்பாவதற்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும்.

இந்த இடைப்பட்ட காலத்தில் எலும்புக்கும் உலோகத்துக்கும் ஓட்டப்பந்தயம். எலும்பு முந்திக்கொண்டால் நல்லது. முந்தாவிட்டால், அசைந்து அசைந்து ஸ்க்ரூ தளரும், இல்லையென்றால் கம்பி முறியும். டைட்டானியமாகவே இருக்கட்டும், ஒரே இடத்தில் ஓயாமல் வளைத்தால் எந்தக் கம்பி தாங்கும்?

இந்த அறுவை உலோகத்தோடு பிறந்ததல்ல. 1911ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பீ என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதைச் செய்து காட்டினார்கள். முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்துகொண்டிருந்தவர்களுக்காக. ஆல்பீ நோயாளியின் கணைக்கால் எலும்பிலிருந்து ஒரு பட்டை எடுத்து முதுகில் பதித்தார். ஸ்க்ரூவும் இல்லை, கம்பியும் இல்லை. எலும்பு சேரும்வரை நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குக் கம்பி வைத்து நிமிர்த்தும் முறையைக் கொண்டுவந்து 1962ல் அதை விரிவாக வெளியிட்டார். இன்று நமக்குப் போடுகிற வகை ஸ்க்ரூவை 1960களில் பிரான்ஸில் ரேமோன் ருவா-கமீய் பயன்படுத்தத் தொடங்கினார். நம்மை மறுநாளே எழுப்பி நடக்க வைப்பதற்குக் காரணம் இந்த உலோகம்தான். ஆனால் ஆல்பீ காலத்திலும் இன்றும் முடிவைத் தீர்மானிப்பது எலும்பு.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், தியேட்டரில் நடப்பது பாதி வேலை. மீதி அடுத்த ஒரு வருடம் உங்கள் வீட்டில் நடக்கிறது. டாக்டரைத் தேர்ந்தெடுப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, குடம் தூக்காமல் இருப்பது எல்லாம் இதிலிருந்து வருகிறவைதான்.

இரண்டாம் படி: உங்களுக்கு இது தேவையா?

‘டிஸ்க் விலகியிருக்கு’, ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்ற ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற பெரும்பாலானவர்களுக்கு இணைப்பு அறுவை தேவைப்படாது. நாற்பது வயதைத் தாண்டிய யாருடைய முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், வலியே இல்லாதவராக இருந்தாலும், தேய்மானம் ஏதாவது தெரியும். பிதுங்கிய டிஸ்க் ஒன்று கால் நரம்பை அழுத்தினால், சில வாரங்களில் பலருக்குத் தானாகவே அடங்கும். அடங்காவிட்டாலும் பிதுங்கிய பகுதியை மட்டும் எடுத்தால் போதும், ஸ்க்ரூ வேண்டியதில்லை.

இணைப்புக்குத் தெளிவான காரணங்கள் வேறு. எலும்பு வழுக்கி அசைந்துகொண்டிருப்பது, விபத்தில் நொறுங்கியது, வளைவு கூடிக்கொண்டே போகிற பக்கவாட்டுக் கோணல், கட்டியோ கிருமியோ எலும்பை அரித்தது, ஏற்கெனவே அறுவை செய்த இடம் ஆட்டம் காண்பது. கால் வலியே இல்லாமல் வெறும் இடுப்பு வலி மட்டும் இருந்து, காரணமும் தெளிவாகத் தெரியாதபோது இணைத்துவிட்டால் சரியாகும் என்று சொன்னால் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

எனக்கு இருந்த மாதிரி வழுக்கலும் நெரிசலும் சேர்ந்த நிலையிலும் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது. 2016ல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஸ்வீடன் ஆய்வில், நரம்பின் அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்களும் அதோடு இணைப்பும் செய்தவர்களும் இரண்டு வருடம் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தார்கள். அமெரிக்க ஆய்வில் இணைப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. 2021ல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வு, வழுக்கல் உள்ள பலருக்கும் அழுத்தத்தை எடுப்பது மட்டுமே குறைவில்லாத பலன் தருகிறது என்றது. ஆகவே, “சார், எனக்கு அழுத்தத்தை மட்டும் எடுத்தால் போதாதா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. என் விஷயத்தில், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்-ரேயில் எலும்பு முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் படத்தை லைட்டில் வைத்துக் காட்டிய பிறகுதான் நான் சரி என்றேன். படுத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் இந்த அசைவு தெரியாமல் போகலாம். நின்றபடி எடுத்த எக்ஸ்-ரே இல்லாமல் யாராவது தேதி குறித்தால் ஏன் என்று கேளுங்கள்.

காசநோய் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் நாள்பட்ட முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் அதை நினைக்காமல் இருக்கக் கூடாது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையம் பங்கேற்று நடந்த ஆய்வில், முதுகெலும்புக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பெரிய அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்கு 6 அல்லது 9 மாத மாத்திரை மட்டும் கொடுத்து நடமாட விட்டார்கள். மாத்திரையிலேயே பெரும்பாலானோர் தேறினார்கள். உலகமே பாடமாக எடுத்துக்கொண்ட ஆய்வு அது. ஆனால் குழந்தைகளுக்குக் கூன் கூடுகிறதா என்று வளர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கூன் கூடப்போவதை முன்கூட்டியே காட்டும் எக்ஸ்-ரே அடையாளங்களை வகுத்தவர் கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் முட்டியும் வராமல் போவது, தெரியாமலே கசிவது, சைக்கிள் சீட் படுகிற இடம் முழுக்க மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது, பாதம் தொங்கிச் செருப்பு தானாகக் கழன்று விழுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. நாளைக்குப் பார்க்கலாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போய்விடக்கூடும்.

மூன்றாம் படி: கை பழகிய டாக்டரைத் தேடுவது

நான் முதலில் போன இடத்தில் டாக்டர் ஸ்கேனை மட்டும்தான் பார்த்தார். என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் ரிசப்ஷனில் தேதியும் பேக்கேஜும் சொன்னார்கள். இரண்டு இடத்தில் ஸ்க்ரூ போடணும் என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு இடம் போதும் என்றார். இதற்காகவே சொல்கிறேன்: உயிருக்கோ நரம்புக்கோ அவசரம் இல்லையென்றால், குறைந்தது இரண்டு பேரிடம் காட்டாமல் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து போடாதீர்கள். இரண்டாவது டாக்டர், முதல் டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொள்ளாமலே தன் கருத்தைச் சொன்னால் இன்னும் நல்லது. ஸ்கேன் ஃபிலிமை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், படங்களைப் பதிந்து தருகிற சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள்.

முதுகெலும்பு அறுவையை எலும்பு டாக்டரும் செய்யலாம், நரம்பியல் அறுவை டாக்டரும் செய்யலாம். எது உசத்தி என்ற சண்டையில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. அவருடைய வாரத்தில் பெரும்பகுதி முதுகெலும்புக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. திங்கள்கிழமை முழங்கால், செவ்வாய் தோள்பட்டை, நடுவில் ஒரு முதுகு என்று செய்பவரைவிட, நாள் முழுக்க இதையே செய்பவரின் கை பழகியிருக்கும். முதுகெலும்புக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மாதிரி கற்றுக்கொடுக்கிற இடங்களில் கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சிக்கலான கேஸ்களைப் பல பேர் சேர்ந்து பேசி முடிவெடுக்கிற வழக்கம் அங்கே இருக்கும். வாசலில் இருக்கிற கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ‘தையலே இல்லை, லேசர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நான் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் சிரித்தார், ஆனால் பதில் சொன்னார்.

“சார், இந்த ஆபரேஷன் என் கால் வலிக்கா, இடுப்பு வலிக்கா?”

“கால் வலிக்கு, டீச்சர். அது நல்லாவே குறையும்னு நம்பறேன். இடுப்பு வலி எவ்வளவு குறையும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“இதுல தப்பாப் போனா என்ன ஆகும்?”

அவர் விரல் விட்டு எண்ணினார். கிருமித் தொற்று, நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிவது, ஸ்க்ரூ இடம் மாறி நரம்பில் படுவது, ரத்தக் கட்டி, எலும்பு சேராமல் போவது. ஒவ்வொன்றும் வந்தால் தான் என்ன செய்வேன் என்றும் சொன்னார். ‘ஒண்ணும் ஆகாதும்மா, கவலைப்படாதீங்க’ என்று தட்டிக்கொடுத்தவரைவிட இவர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இவற்றையும் கேளுங்கள்: இதே அறுவையை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கத்தியை நீங்களே பிடிப்பீர்களா, உதவி டாக்டரா? நீங்கள் அறுவை செய்தவர்களில் மறுபடி தியேட்டருக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு வருடம் வரை யார் என்னைப் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். எலும்பு சேர ஒரு வருடம் ஆகும்போது, தையல் பிரித்ததோடு கைகழுவுகிற இடம் எதற்கு?

நான்காம் படி: பணம்

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் ஸ்க்ரூ, கம்பி, கூண்டு ஆகியவற்றின் விலை தனியாகவும் எண்ணிக்கையோடும் இருக்க வேண்டும். ஐ.சி.யு., ரத்தம், பிசியோ எல்லாம் உள்ளே சேர்த்தியா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில், எந்த அறுவைக்கு என்று பட்டியல் உண்டு, அறுவைக்கு முன்பே அனுமதி வர வேண்டும். தனியார் பாலிசி என்றால் காத்திருப்புக் காலத்தைப் படியுங்கள். முதுகெலும்புக் கோளாறுகளை முதல் 2 வருடத்துக்குத் தள்ளி வைக்கிற பாலிசிகள் நிறைய. வலி வந்த பிறகு பாலிசி எடுத்துவிட்டு, பழைய வலியை மறைத்து எழுதிக் கொடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் ‘மூன்று வருடமாக வலி’ என்று நீங்களே சொன்னது இருக்கும்.

ஐந்தாம் படி: உடம்பையும் வீட்டையும் தயார் செய்வது

பீடி, சிகரெட், புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் எலும்பு சேர்வதற்கு அதைவிடப் பெரிய எதிரி வேறில்லை. நிக்கோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும், எலும்பு வளர்வதைத் தடுக்கும். அறுவைக்குக் குறைந்தது ஒரு மாதம் ஒன்றரை மாதம் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடக் கூடாது. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கணக்கில் சேரும். என் மாமனார் வயதுக்காரர்கள் அதைப் புகையிலையாகவே நினைப்பதில்லை.

சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரியை (ஹெச்.பி.ஏ.1சி. என்று ரிப்போர்ட்டில் இருக்கும்) பார்ப்பார்கள். 7.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்லி அறுவையைத் தள்ளிப்போடுகிற டாக்டர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனை அறுவைக்கு முன்பே எடுக்கலாமா என்று கேளுங்கள். செல்லரித்த மரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. எனக்கு வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டு அப்படி. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, கழிப்பறை. இந்தியன் டாய்லெட் என்றால் அதன் மேல் வைக்கிற கமோடு நாற்காலி மருத்துவச் சாமான் கடைகளில் கிடைக்கும். சுவரில் ஒரு கைப்பிடி. இரண்டு, கட்டில். பாயில் படுத்து எழுவது சில மாதங்களுக்கு முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்காத அளவுக்குக் கட்டில் உயரம் வேண்டும். மூன்று, சமையலறை. தினமும் எடுக்கிற டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். அரிசி டிரம் தரையிலும் புளிப் பானை பரணிலும் இருந்தால் குனிவதும் எக்குவதும்தான் வேலையாகும். ஈரத் தரையில் வழுக்காத செருப்பு ஒன்றும் வாங்கி வையுங்கள்.

ஆறாம் படி: ஆஸ்பத்திரி நாட்கள்

இதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சொல்வதற்கோ அதிகம் இல்லை. குப்புறப் படுக்க வைத்துச் செய்வார்கள், மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். மறுநாள் எழுப்பி நடக்க வைத்தார்கள். எழுகிற முறையை அறுவைக்கு முன்பே வீட்டில் பழகுங்கள். உடம்பைத் திருகாமல், மரக்கட்டை உருள்கிற மாதிரி தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டு, அதே நேரம் கையை ஊன்றி எழ வேண்டும். வலியைவிட என்னை வாட்டியது மலச்சிக்கல். வலி மாத்திரைகளின் வேலை அது. முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். முக்குவதும் முதுகுக்கு நல்லதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு காயத்தில் நீரோ சீழோ வடிவது, காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், புதிதாகக் கால் பலமிழப்பது என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ஏழாம் படி: முதல் ஒரு வருடம்

குனியாதே, திருகாதே, தூக்காதே. பிசியோ செய்கிற தம்பி இதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். “அம்மா, கீழ விழுந்த பொருள் உங்களது இல்லை. விழுந்ததும் அது வேற யாரோடதோ.” ஆறு வாரம் வரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதுவும் கூடாது என்றார்கள் எனக்கு. இந்தக் கணக்கு நம் வீட்டுச் சாமான்களுக்குப் பொருத்திப் பார்த்தால்தான் உறைக்கும். கேன் தண்ணீர் 20 கிலோ. சமையல் எரிவாயு சிலிண்டர் நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. நிறைகுடம் பத்துக்கு மேல். பிழிந்த ஈரத்துணி ஒரு வாளி எவ்வளவு என்று நான் நிறுத்தே பார்த்தேன், ஏழு கிலோ வந்தது. பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கு வரவைத்துக்கொள்ளப் பழகினேன். அந்த வருடத்தில் எனக்கு வலித்தது இதுதான்.

நடை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும். முதல் வாரம் ஹாலுக்குள், பிறகு தெருமுனை, மூன்றாம் மாதம் கோயில் வரை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிடப் பத்துப் பத்து நிமிஷமாக ஆறு தடவை நடப்பது எனக்கு ஒத்துக்கொண்டது. அரைமணிக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் முதுகு இறுகும், டி.வி. தொடரில் விளம்பரம் வந்தால் எழுந்துவிடுவேன். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டவே வேண்டாம், வேகத்தடையில் தூக்கிப் போடும். ஸ்கூட்டர் பின்சீட்டுக்கு மூன்று மாதம் தடை விதித்தார் என் டாக்டர். பெல்ட் எல்லோருக்கும் தேவையில்லை. கொடுத்தால் சொன்ன காலம் மட்டும் போடுங்கள், அதையே நம்பிக்கொண்டிருந்தால் முதுகுத் தசை சோம்பிவிடும்.

மெடிக்கல் கடையில் தானாக வாங்குகிற வலி மாத்திரைகளில் சில வகை, எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்ற சந்தேகம் டாக்டர்களுக்கு உண்டு. எது, எத்தனை நாள் என்று கேட்காமல் போடாதீர்கள். தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. பெரும்பாலும் ஆறு வாரம் கழித்து, முதுகை வளைக்காத நிலையில் என்பார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவருக்கு இது புதுக் கேள்வி இல்லை.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்-ரே பார்ப்பார்கள். வலி போய்விட்டதே என்று மூன்றாம் மாதத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். வலி இல்லாமலே எலும்பு சேராமல் இருக்கலாம். நான்காம் மாதம் ‘நல்லாயிட்டேன்’ என்ற தெம்பில் மாவு அரைத்துத் தூக்கி வைத்த என் அண்ணி கணக்கில் இன்னொரு அறுவை ஏறியது.

மறுவாழ்வுப் பயிற்சியை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை நினைவுபடுத்துவேன். 1954ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைகள் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நாட்டின் முதல் மறுவாழ்வு நிலையத்தை அங்கே கொண்டுவந்தார். அறுவை முடிந்த பிறகு ஒரு முழு வைத்தியம் பாக்கி இருக்கிறது என்பதை நம் நாட்டில் முதலில் கட்டிக் காட்டியவர்.

எட்டாம் படி: அதற்குப் பிறகான வாழ்க்கை

ஒரு இணைப்பு மட்டும் என்றால், நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குனிவது முதுகிலிருந்து இல்லாமல் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். முதுகை நேராக வைத்து, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்குவது. நாற்று நடுகிறவர்கள் குனிகிற மாதிரி இல்லை, பளுதூக்குகிறவர்கள் குனிகிற மாதிரி. கோலம் இப்போது மனைப்பலகையில் உட்கார்ந்துதான் போடுகிறேன். சம்மணம் போட்டு உட்கார ஒரு வருடம் கழித்து அனுமதி கிடைத்தது. சந்நிதியில் விழுந்து கும்பிடுவதில்லை, கையெடுத்துக் கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, சுளுக்கு எடுப்பது, நெட்டி முறிப்பது மட்டும் யார் சொன்னாலும் கூடாது. யோகாவில் முன்புறம் மடங்குவதையும் முதுகைத் திருகுவதையும் விட்டுவிட்டேன்.

இணைத்த இடம் அசையாததால் அதன் அசைவை மேலும் கீழும் உள்ள மூட்டுகள் வாங்கிக்கொள்கின்றன. அவை சீக்கிரம் தேயலாம். கழுத்தில் இணைப்பு செய்தவர்களை நீண்ட காலம் கவனித்து 1999ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆண்டுக்கு 2.9 விழுக்காட்டினருக்குப் பக்கத்து மூட்டில் புதிய தொந்தரவு வந்தது. 10 ஆண்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு வரும் என்று கணித்தார்கள். அறுவையால்தானா, வயதாலும் வருமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எதுவானாலும், எடையைக் குறைப்பதும் வயிற்றுத் தசையையும் பின்தசையையும் பலப்படுத்துவதும் நம் கையில் இருக்கிறவை.

டைட்டானியம் வைத்திருந்தால் பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்கேன் அறையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலோகத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கும். விமான நிலையக் கருவி பெரும்பாலும் சத்தம் போடாது. போட்டால் காட்ட டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: வலி திரும்பி வந்தால்

சில மாதமோ சில வருடமோ நன்றாக இருந்துவிட்டு வருகிற வலிக்குக் காரணங்கள் பல. எலும்பு சேரவில்லை, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, பக்கத்து மூட்டு தேய்ந்திருக்கிறது, உள்ளே மெதுவாகக் கிருமி இருக்கிறது, நரம்பைச் சுற்றித் தழும்பு. ஆரம்பத்திலேயே தவறான இடத்தில் செய்ததாகக்கூட இருக்கலாம். எலும்பு சேர்ந்ததா என்பதை எக்ஸ்-ரேயைவிட சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் மாதிரித் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கிருமிக்கு ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற, உள்ளே அழற்சி இருந்தால் கூடுகிற அளவுகளைப் பார்ப்பார்கள்.

இன்னொரு காரணம் பலருக்குப் புரிவதில்லை. இடுப்புப் பகுதியில் முதுகுக்கு இயற்கையாகவே உள்நோக்கி ஒரு குழிவு உண்டு. அந்தக் குழிவு போய்த் தட்டையாக இணைந்துவிட்டால், உடம்பு முன்னால் சாயும், நேராக நிற்க முழங்காலை மடக்கிக்கொண்டே நிற்க வேண்டிவரும், சாயங்காலம் ஆனால் தொடையும் முதுகும் வெடிக்கும். ஹாரிங்டன் கம்பியை இடுப்பின் அடிவரை நீட்டிப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் பலருக்கு நடுவயதில் இதுதான் வந்தது. முதுகை இழுத்து நீட்டிய கம்பி அந்தக் குழிவையும் சேர்த்து இழுத்துவிட்டது. டாக்டர்கள் இன்று குழிவைக் கணக்குப் பார்த்துக் கம்பியை வளைத்துப் பொருத்துவது அங்கே கற்ற பாடம். உங்களுக்கு இப்படி இருந்தால், தலையிலிருந்து தொடைவரை நின்றபடி ஒரே படமாக எடுக்கிற நீள எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம். தழும்புக்குள் நரம்பு ஒட்டிக்கிடக்கும். முதல் அறுவைக்கு ஊரிலேயே நல்லவர் கிடைக்கலாம். மறு அறுவைக்கு, அதை அடிக்கடி செய்கிறவரிடம்தான் போக வேண்டும், அதற்காக நானூறு கிலோமீட்டர் பயணம் செய்தாலும் தப்பில்லை. “பழைய ஸ்க்ரூவை எடுத்து மாற்றுகிற கேஸ் எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள்.

அப்போது அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது, உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்பது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூவின் தலை வேறு, அதைக் கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவர் வேறு. சரியான டிரைவர் தியேட்டரில் இல்லாவிட்டால் எடுப்பது பெரும்பாடாகிவிடும். அந்த விவரம் எல்லாம் ஸ்க்ரூ வந்த பெட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கராக இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த ஸ்டிக்கர்களின் நகலையும் ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பழைய ரெக்கார்டு அழித்தாயிற்று என்பார்கள். என்னுடையவை இரும்பு பீரோவில், ரேஷன் கார்டு இருக்கிற உறையில் இருக்கின்றன. போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என் மகளுக்கும் அந்த இடம் தெரியும்.